கூம்புகளுக்கு நடுவே ஒரு பழைய பிக்கப்

நான் இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்த காலம். என் தாய்மாமாவிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. வாரம் இரண்டு முறை அதில் செம்பனைக் குலைகளை ஏற்றிப் போய் விற்றுவிட்டு, காலி வண்டியோடு திரும்புவார். விடுமுறை நாளென்றால் நானும் தொற்றிக்கொள்வேன். ஒரு மாலை நல்ல மழை. தோட்டத்துச் சாலையின் கடைசி வளைவில் மாமா பிரேக்கை மிதித்தார். பலமாகக்கூட இல்லை. வண்டியின் பின்பக்கம் எங்களை முந்திக்கொண்டு முன்னால் வரப் பார்த்தது. அரை வட்டம் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றோம்.

யாருக்கும் அடியில்லை. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காலி வண்டிதான்டா மோசம். குலை இருந்தா ஒழுங்கா போகும்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து பின்தட்டில் நான்கு மணல் மூட்டைகள் நிரந்தரமாகக் கிடந்தன.

சுமை ஏற்றிய வண்டி ஒழுங்காகப் போகிறது, சுமை இல்லாத வண்டி வழுக்குகிறது. அன்று இது எனக்குத் தலைகீழாகப் பட்டது. பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் சிலர் இதே மாதிரிப் பழைய பிக்கப்களை வாங்கி, வளைவுகள் மட்டுமே நிறைந்த ஒரு பந்தயத்துக்குத் தயார் செய்கிறார்கள் என்று அறிந்தபோது, மாமாவின் மணல் மூட்டைகள்தாம் முதலில் நினைவுக்கு வந்தன. சுமை தூக்கப் பிறந்த வண்டியை எப்படி வளைவில் ஓட வைக்கிறார்கள்? அதுவும், ஓடி முடித்ததும் அதே வண்டியில் சட்டப்படி சாலையில் வீட்டுக்குப் போகிறார்களே, எப்படி?

அந்தப் பந்தயத்தின் பெயர் ஆட்டோகிராஸ். பெரிய கார் நிறுத்துமிடம் அல்லது பயன்படாத விமான ஓடுதளத்தில் ரப்பர் கூம்புகளை வைத்துப் பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். எதிராளி கடிகாரம்தான். ஒரு சுற்று பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகமும் நெடுஞ்சாலை வேகத்தைப் பெரும்பாலும் தாண்டாது. 1944ல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்.சி.சி.ஏ. நடத்தும் போட்டிகளில், ஒரு கூம்பைத் தட்டினால் நேரத்தோடு 2 விநாடி சேர்ப்பார்கள். பத்தில் ஒரு பங்கு விநாடியில் வெற்றி தோல்வி முடிவாகும் இடத்தில் 2 விநாடி என்பது பெரிய தண்டனை. நேர்ச்சாலையில் சீறும் வண்டிக்கு இங்கே மதிப்பில்லை. திரும்ப வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி திரும்ப வேண்டும்.

இதற்குப் பலரும் விரும்பி எடுக்கும் பழைய வண்டி செவ்ரோலெட் சி-10. நான் இங்கே எடுத்துக்கொள்வது 1967 முதல் 1972 வரை வந்த தலைமுறை. குட்டையான பின்தட்டு உள்ள வகையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.92 மீட்டர். கணக்கு எளிதாக இருக்க, வண்டியின் பொருண்மை 1,700 கிலோகிராம், இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1.6 மீட்டர், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு மையத்தை உங்கள் பள்ளியில் மலாயில் 'பூசாட் கிராவித்தி' என்று படித்திருப்பீர்கள். பெயர் எதுவானாலும், இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அதுதான்.

சரியுமா, வழுக்குமா?

ஒரு பலகை, ஒரு சொரசொரப்பான ரப்பர் விரிப்பு, ஒரு காலி பால் பெட்டி. இவ்வளவு போதும். பெட்டியில் பாதிக்கு மணல் நிரப்பி மூடுங்கள். விரிப்பைப் பலகை மேல் ஒட்டி, பெட்டியைப் படுக்க வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். ஒரு கட்டத்தில் பெட்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். இப்போது அதே பெட்டியை நிமிர்த்தி வைத்துத் தூக்குங்கள். இம்முறை வழுக்குவதற்கு முன்பே தலைகுப்புற விழ வாய்ப்பு அதிகம். பெட்டி அதேதான், விரிப்பும் அதேதான். மாறியது உயரமும் அடிப்பாகத்தின் அகலமும். தொடக்கப்பள்ளி அறிவியலில் 'நிலைத்தன்மை' என்ற பாடத்தில் இதைத் தொட்டிருப்பீர்கள்.

வளைவில் போகும் வண்டிக்கும் இதே இரண்டு வழிகள்தாம். வண்டியை வளைவின் மையத்தை நோக்கி இழுப்பது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. அந்த விசை தரைமட்டத்தில் செயல்படுகிறது. வண்டியின் புவியீர்ப்பு மையமோ 0.7 மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே அந்த உராய்வு வண்டியைத் திருப்புவதோடு, வெளிப்பக்கமாகக் கவிழ்க்கவும் முயல்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது வண்டியின் எடை. எடைக்கு இருக்கும் நெம்புகோல் நீளம் அகலத்தில் பாதி, அதாவது 0.8 மீட்டர்.

0.8ஐ 0.7ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.14. பக்கவாட்டு விசை வண்டியின் எடையைப் போல் 1.14 மடங்கு ஆனால் வண்டி கவிழத் தொடங்கும் என்று பொருள். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிறுவனமும் புதிய வண்டிகளின் கவிழும் வாய்ப்பை மதிப்பிட இந்த வகுத்தலைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுக் காருக்குப் போட்டுப் பார்த்தால் இதைவிடப் பெரிய எண் வரும்.

சாதாரண டயர் உலர்ந்த சாலையில் எடையில் ஏறக்குறைய 0.8 பங்கு வரைதான் பிடிக்கும். அதற்கு மேல் கேட்டால் வழுக்கிவிடும். 0.8 என்பது 1.14ஐ விடக் குறைவு. ஆக, வண்டி கவிழ்வதற்கு முன்பே வழுக்குகிறது. பயமாக இருந்தாலும், தட்டையான தரையில் வழுக்குவது கவிழ்வதை விட நல்லது.

இப்போது ஓர் ஆர்வக்கோளாறு இளைஞர் முதல் வேலையாக நல்ல பந்தய டயர் வாங்கி மாட்டுகிறார் என்று வையுங்கள். அந்த டயரின் பிடி எடைக்குச் சமமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ போகும். 1.14க்கும் அதற்கும் இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. வளைவில் ஸ்பிரிங்குகள் மேல் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது புவியீர்ப்பு மையமும் வெளியே நகர்கிறது. எனவே உண்மையான எல்லை 1.14ஐ விடக் குறைவு. வழுக்கித் தப்பித்துக்கொண்டிருந்த வண்டி இப்போது கவிழும். பிடி அதிகமானதால் வந்த ஆபத்து இது. இதனால்தான் எஸ்.சி.சி.ஏ. விதிகள் உயரமான, ஒடுக்கமான வண்டிகளை அப்படியே ஓட அனுமதிப்பதில்லை. பிக்கப் என்றால் முதலில் அதைத் தாழ்த்த வேண்டும். டயர் அதற்குப் பிறகுதான்.

பாடநூல் சொல்லாத ஒன்று

தாழ்த்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் வகுப்பில் இதைச் சொன்னால் நன்றாகப் படிக்கும் மாணவர்கள்தாம் முதலில் எதிர்ப்பார்கள்.

வளைவில் உள்பக்கச் சக்கரங்களின் சுமை குறைகிறது, வெளிப்பக்கச் சக்கரங்களின் சுமை கூடுகிறது. எவ்வளவு? நம் வண்டி எடையில் 0.8 பங்கு பக்கவாட்டு விசையோடு திரும்புகிறது என்றால், 1,700ஐ 0.8ஆலும் 0.7ஆலும் பெருக்கி 1.6ஆல் வகுக்க வேண்டும். 595 கிலோகிராம் வரும். நேராகப் போகும்போது ஒவ்வொரு பக்கமும் 850 கிலோ தாங்கிக்கொண்டிருந்தது. வளைவில் உள்பக்கம் 255, வெளிப்பக்கம் 1,445.

"அதனால் என்ன சார்? உராய்வு என்பது செங்குத்து விசையைப் பொறுத்தது. ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடிவிட்டது. மொத்தம் மாறவில்லையே?" என்று ஒரு மாணவி கேட்டார். பாடநூல்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. மரக்கட்டைக்கும் மேசைக்கும் அது ஏறத்தாழப் பொருந்தும். ரப்பருக்குப் பொருந்தாது.

ரப்பர் மென்மையானது. சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அழுந்திப் பிடிப்பதால்தான் அது பிடிக்கிறது. சுமையை இரட்டிப்பாக்கினால் அது இரண்டு மடங்கு ஆழமாக அழுந்திவிடுவதில்லை. எனவே சுமை கூடக் கூட, ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் பிடி குறைந்துகொண்டே வரும். கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். ஓர் அச்சில் இரண்டு டயர்கள், ஒவ்வொன்றும் 425 கிலோ சுமக்கிறது, உராய்வுக் கெழு 1.0. மொத்தப் பிடி 850. இப்போது ஒன்றில் 150, மற்றதில் 700. இலகுவான டயரின் கெழு 1.1க்கு ஏறுகிறது, 165 கிடைக்கிறது. கனமான டயரின் கெழு 0.9க்கு இறங்குகிறது, 630 கிடைக்கிறது. கூட்டினால் 795. எதுவும் செய்யாமலே 55 போய்விட்டது.

ஆட்டோகிராஸ் வண்டி தயாரிப்பவர் செய்யும் வேலைகளில் பாதி, இந்த 55ஐத் திரும்பப் பிடிக்கும் வேலைதான். புவியீர்ப்பு மையம் 0.7லிருந்து 0.6 மீட்டருக்கு இறங்கினால், பக்கம் மாறும் சுமை 595லிருந்து 510 கிலோவாகக் குறைகிறது. கவிழும் எல்லையும் 1.14லிருந்து 1.33க்கு ஏறுகிறது. ஒரே வேலையில் இரண்டு பலன்.

மாமாவின் மணல் மூட்டைகளைப் பந்தயக்காரர்கள் ஏன் போடுவதில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 100 கிலோ மணல் பின் டயர்களுக்குப் பிடியைக் கூட்டும், உண்மைதான். ஆனால் அந்த 100 கிலோவையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும், நிறுத்த வேண்டும். பிடி கூடும் விகிதத்தை விட வேலை கூடும் விகிதம் அதிகம். மழையில் மெதுவாக வீடு திரும்பும் மாமாவுக்கு அது போதுமான தீர்வு. கடிகாரத்தோடு போட்டி போடுகிறவருக்குப் போதாது.

தாழ்த்துவது எப்படி?

என்னிடம் படித்து முடித்துப் போன ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் தன் காரைப் பள்ளிக்குக் கொண்டுவந்து பெருமையோடு காட்டினான். பார்க்கத் தாழ்வாக, அழகாகத்தான் இருந்தது. எப்படிச் செய்தாய் என்றேன். கிரைண்டரால் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை அறுத்து எடுத்துவிட்டானாம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஸ்பிரிங்கைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை வைத்தே யோசியுங்கள். சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகிறது. குட்டையும் ஆகிறது. ஆக, அது சுருங்க இடம் குறைந்துவிட்டது. இதைவிட மோசமான நிலை, சாலை மேட்டில் ஏறி இறங்கிச் சக்கரம் கீழே தொங்கும் கணம். அப்போது குட்டை ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுத் தளர்ந்து நகரலாம். திரும்ப உட்காரும்போது சரியான இடத்தில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவனிடம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அடுத்த மாதம் புது ஸ்பிரிங் மாட்டிவிட்டதாகச் செய்தி அனுப்பினான். அதற்காகவே இந்தக் கட்டுரையில் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டுகிறேன்.

சி-10இல் முன்பக்கம் தாழ்த்த நல்ல வழி, ஸ்பிரிங்கைத் தொடாமல் ஸ்பிண்டிலை மாற்றுவது. சக்கரம் சுழலும் அச்சு முனையைத் தாங்கும் வார்ப்புப் பாகம்தான் ஸ்பிண்டில். அந்த முனை ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் மேலே அமையும்படி செய்த ஸ்பிண்டில்கள் கிடைக்கின்றன. முனை மேலே போனால் வண்டி கீழே வரும். ஸ்பிரிங் தன் முழு நீளத்தோடு, பழைய இடத்திலேயே வேலை செய்யும். இன்னும் தாழ்த்த வேண்டுமென்றால் அதற்கென்றே வடிவமைத்த குட்டை ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் அப்சார்பரையும் சேர்ப்பார்கள்.

பின்பக்கம் வேறு மாதிரி. செவ்ரோலெட் நிறுவனம் இந்தத் தலைமுறை சி-10இன் பின்பக்கத்தில் வழக்கமான இலை ஸ்பிரிங்குக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்கையும் இரண்டு நீண்ட கைகளையும் கொடுத்திருந்தது. இந்தக் கைகள் அவ்வளவு நன்றாக வேலை செய்ததால், நாஸ்கார் பந்தயக் கார்கள் இதே அமைப்பைப் பல பத்தாண்டுகள் பின்பற்றின. 2022இல் புதிய தலைமுறைக் கார் வந்தபோதுதான் கைவிட்டன. லோரியிடமிருந்து பந்தயக் கார் கடன் வாங்கிய கதை இது. எனக்கு மிகவும் பிடித்த தகவலும் இதுதான்.

ஆனால் பின்பக்கத்தை 15 சென்டிமீட்டர் தாழ்த்தினால், பள்ளத்தில் இறங்கும்போது பின் அச்சு சேசிஸில் இடிக்கும். எனவே அச்சுக்கு நேர் மேலே சேசிஸின் அடிப்பகுதியைப் பிறை வடிவில் வெட்டி, அந்த இடத்தில் தடித்த எஃகுத் தகட்டை வைத்து வலுப்படுத்துவார்கள். இது வீட்டு வேலை இல்லை. வண்டியின் முதுகெலும்பை வெட்டுகிறோம். கற்றுத் தேர்ந்த வெல்டிங்காரர் மட்டுமே தொட வேண்டும்.

அந்தச் சேசிஸ் வேறொரு தொல்லையும் தருகிறது. அதைப் புரிந்துகொள்ள ஓர் ஏ4 தாள் எடுங்கள். நீளவாக்கில் குழாயாகச் சுருட்டி, ஓரங்கள் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். எளிதாக முறுகும். இப்போது ஓரங்களைச் சேர்த்து முழு நீளத்துக்கும் ஒட்டுநாடா ஒட்டி மறுபடி முறுக்குங்கள். கை வலிக்கும். தாள் ஒன்றுதான், ஒட்டுநாடாவின் எடை ஒன்றுமில்லை. மூடிய குழாய் முறுக்கலை எதிர்க்கும் அளவுக்குத் திறந்த குழாய் எதிர்க்காது. பழைய பிக்கப்பின் சேசிஸ் உத்திரங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்தவை. கரடுமுரடான நிலத்தில் அந்த வளைந்துகொடுக்கும் தன்மை விவசாயிக்கு உதவும். வளைவில் பாயும் வண்டிக்கோ, ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையைச் சேசிஸ் முறுகிக் கெடுத்துவிடும். திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடுகிறார்கள். உங்கள் ஒட்டுநாடா செய்த வேலைதான்.

தலைக்குப் பின்னால் ஒரு பெட்ரோல் தொட்டி

இந்த வண்டிகளில் பெட்ரோல் தொட்டி எங்கே இருந்தது தெரியுமா? ஓட்டுநர் அறைக்குள், இருக்கைக்குப் பின்னால்! ஏறக்குறைய 75 லிட்டர். அந்தக் காலத்தில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை போலும். மாற்றுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு, பின்தட்டுக்கு அடியில் சேசிஸ் உத்திரங்களுக்கு நடுவே புதுத் தொட்டி வைக்கிறார்கள். பெட்ரோல் நிரம்பினால் 55 கிலோ இருக்கும். அந்த 55 கிலோ மேலிருந்து கீழே வந்தது, இலேசான பின்பக்கத்துக்கும் நகர்ந்தது, ஓட்டுநரின் முதுகை விட்டும் விலகியது. பேட்டரியையும் சிலர் பின்னால் கொண்டுபோகிறார்கள்.

மாமா வண்டி ஏன் சுழன்றது?

இனி பிரேக். 1,700 கிலோ வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்கச் சக்தி ஏறக்குறைய 236 கிலோஜூல். நம் ஊர் வெப்பத்தில் இருக்கும் முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான சக்தி அது. வண்டி நிற்கும்போது அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. கூம்புப் பாதையில் ஒரு நிமிடத்துக்குள் இப்படிப் பலமுறை பிரேக் போட வேண்டும். மூடிய டிரம் பிரேக் வெப்பத்தை வெளியே விடத் தாமதிக்கும், சூடேறினால் பிடி தளரும். செவ்ரோலெட் 1971இல்தான் இந்தப் பிக்கப்களின் முன்சக்கரங்களுக்கு வட்டு பிரேக்கை நிலையான பாகமாக்கியது. அதற்கு முந்தைய வண்டி என்றால் வட்டு பிரேக்குக்கு மாற்றுவது கட்டாயம் என்றே சொல்வேன்.

ஆனால் பிரேக்கின் வலிமையை விட முக்கியமானது, அதை முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்வது. காலி பிக்கப்பில் எஞ்சின் இருக்கும் முன்பக்கம் கனம். 60க்கு 40 என்று வைத்தால் பின் அச்சில் 680 கிலோ. பலமாக பிரேக் போட்டால் சுமை முன்னோக்கி நகரும். முன்பு போட்ட கணக்கில் அகலத்துக்குப் பதில் 2.92 மீட்டர் நீளத்தைப் போடுங்கள். 326 கிலோ வரும். பின் அச்சில் மிஞ்சுவது 354 கிலோ மட்டுமே. ஒரு டன் குலை ஏற்றிய வண்டியை நிறுத்துவதற்கென்று அமைத்த பின் பிரேக், இந்த இலேசான சக்கரங்களைச் சட்டென்று பூட்டிவிடும். பூட்டிய சக்கரம் உருளாது, தேய்ந்துகொண்டே போகும். அதன் உராய்வு முழுவதும் தேய்ப்பிலேயே செலவாகிவிடுவதால், வண்டியின் வாலைப் பக்கவாட்டில் பிடித்து வைக்க எதுவும் மிஞ்சாது. வால் சுழன்று முன்னால் வரும்.

அந்த மழை மாலையில் நடந்தது இதுதான். மாமா குற்றமில்லாதவர் என்று நான் இப்போது சான்றிதழே கொடுப்பேன், வளைவில் பிரேக் போட்டதைத் தவிர.

ஆட்டோகிராஸ் பிக்கப்பில் பின் பிரேக்குக்குப் போகும் எண்ணெயின் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு வால்வை வைத்து, முன்சக்கரம் முதலில் பூட்டும்படி திருகிச் சரிசெய்கிறார்கள். நீங்கள் சாலையில் பார்க்கும் சில பிக்கப்களில், சுமைக்கு ஏற்பப் பின் அச்சு ஏறி இறங்குவதைப் பார்த்து இந்த வேலையைத் தானாகவே செய்யும் வால்வு பின் அச்சருகே இருக்கும்.

கம்பியும் டிஃபரன்ஷியலும்

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க, இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி போடுவார்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் கம்பி முறுகி எதிர்க்கும். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 25 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 30 மில்லிமீட்டர் போட்டால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. 1.2ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்.

கம்பி சாய்வைக் குறைக்குமே தவிர, வெளிப்பக்கம் மாறும் மொத்தச் சுமையைக் குறைக்காது. அந்தச் சுமையை முன் அச்சு எவ்வளவு ஏற்கிறது, பின் அச்சு எவ்வளவு ஏற்கிறது என்பதை மட்டும் மாற்றும். முன்பக்கம் கனமான பிக்கப், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் நேராகப் போகவே பார்க்கும். பின்பக்கக் கம்பியைத் தடிப்பாக்கினால் முன் டயர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், வண்டி திரும்பும். விலை? உள்பக்கப் பின்சக்கரம் ஏறக்குறையத் தூக்கிக்கொள்ளும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அனுப்பும். தூக்கிய சக்கரம் காற்றில் சுழலும்போது அதற்குத் தேவைப்படும் விசை மிகக் குறைவு. எனவே தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே குறைவான விசைதான். எஞ்சின் அலறும், வண்டி நகராது. சேற்றில் மாட்டிய லோரியில் இதைப் பார்த்திருப்பீர்கள். இரு சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலை மாட்டித்தான் இதைத் தீர்க்கிறார்கள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும், அதைச் சரிசெய்தால் மூன்றாவது. பட்டறையில் மாதங்கள் ஓடுவது இப்படித்தான்.

எஞ்சினைப் பற்றி இதுவரை நான் பேசாதது உங்களில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். பலர் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். குடும்ப எஞ்சினை வைக்கிறார்கள். 1997இல் கோர்வெட் காரில் வந்த வகை அது. பிறகு பிக்கப்களிலும் வந்ததால் பழைய வண்டிகளை உடைக்கும் இடங்களில் கிடைக்கிறது. அலுமினிய பிளாக் உள்ளது கிடைத்தால் முன்பக்கக் கனமும் குறையும். ஆனால் திரும்பவும் நிற்கவும் தெரியாத பிக்கப்புக்கு 400 குதிரைத்திறன் கொடுப்பது, நீச்சல் தெரியாதவனைப் படகில் ஏற்றி ஆழத்துக்கு அனுப்புவது போல.

சாலையில் ஓட உரிமை

இவ்வளவும் செய்த வண்டி சாலைக்கு வர வேண்டுமென்றால் விளக்குகள், ஹாரன், துடைப்பான், சத்தமடக்கி எல்லாம் இருந்தாக வேண்டும். கோடுகளே இல்லாத வழவழப்பான பந்தய டயர் சாலைக்கு ஆகாது. மழை நீரை வெளியேற்ற அதில் வழியே இல்லை. எனவே சாலைக்கு அனுமதிக்கப்பட்ட டயர்களிலேயே மிருதுவானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல டயர்களின் பக்கச் சுவரில் தேய்மான எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் குறைந்தால் ரப்பர் மிருது, பிடி அதிகம், ஆயுள் குறைவு. எஸ்.சி.சி.ஏ.யின் சாலை வண்டிப் பிரிவுகளில் 200க்குக் குறைவான எண்ணுள்ள டயர் கூடாது. வீட்டுக் காரின் டயரில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பழைய பிக்கப்களில் பலவற்றில் இடுப்பு வார் மட்டும்தான் இருந்தது. தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை இருக்கை வாரை, வலுவான இடத்தில் ஆணியடித்தாற்போல் பொருத்துவது எஞ்சின் மாற்றுவதை விட முக்கியம். புகைச் சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. 1972 பிக்கப் மேல் அங்குள்ளவர்களுக்கு ஆசை வர இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் எஞ்சினையோ வண்டியின் கட்டமைப்பையோ மாற்றுவதற்கு ஜேபிஜேவின் அனுமதி வேண்டும், சோதனையும் உண்டு. அனுமதியில்லாமல் மாற்றிவிட்டுச் சாலையில் ஓட்டினால் தண்டம் மட்டுமல்ல, விபத்து என்று வந்தால் காப்புறுதியும் சிக்கலாகும். சேசிஸை வெட்டுவது பற்றி மேலே எழுதியதை யாரும் வார இறுதி வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பால் பெட்டியையும் ஏ4 தாளையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி மாறிய பிக்கப் ஒன்றை இழந்தும் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் தாழ்ந்த பின்பக்கத்தில் இனி ஒரு டன் சுமை ஏற்ற முடியாது. குலை ஏற்றும் மாமாவுக்கு அதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

போட்டி நாளன்று காலை வண்டியைச் சாலையிலேயே ஓட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவார்கள். பின்தட்டில் கருவிப் பெட்டி, காற்றழுத்தமானி, தலைக்கவசம். இறக்கி வைத்ததும் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து, ஒவ்வொரு டயரின் தோளிலும் தரையில் படும் விளிம்பைத் தாண்டிக் குறுக்கே கோடு போடுவார்கள். வகுப்பறையில் நாம் எழுதும் அதே சுண்ணக்கட்டிதான். ஒரு சுற்று ஓடி வந்ததும் குனிந்து பார்ப்பார்கள். கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் டயர் அதிகமாக மடங்குகிறது, காற்று ஏற்ற வேண்டும். விளிம்பருகே அழியாமல் நின்றிருந்தால் டயரின் முழு அகலமும் தரையைத் தொடவில்லை, கொஞ்சம் இறக்க வேண்டும். நான்கு டயர்களுக்கும் நான்கு விதமான விடை வரும். மாலையில் சாலைக்குரிய அளவுக்குக் காற்றைத் திரும்ப வைத்து, கோடுகளைத் துடைத்துவிட்டு, அதே வண்டியில் வீட்டுக்குக் கிளம்புவார்கள்.